இடுப்பு, முன்பக்கம், ஒன்று

மருத்துவமனையின் தரைத்தளத்தில், மருந்துக் கடைக்கும் படிக்கட்டுக்கும் நடுவே இருக்கும் எக்ஸ்ரே அறையில் அவர் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்த்துவருகிறார். வாயிற்காவலர் முதல் தலைமை மருத்துவர் வரை எல்லோருக்கும் அவர் படக்காரம்மா. அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்பதற்குப் பதிவு ஏதும் இல்லை. அவரைச் சார்ந்த மற்ற எல்லாவற்றுக்கும் பதிவு உண்டு. தேதி, வரிசை எண், வயது, உடலின் பகுதி, கோணம், படங்களின் எண்ணிக்கை, வீணான படம் என ஏழு கட்டம் போட்ட பெரிய பதிவேடுகள் பதினொன்று, அவருடைய கையெழுத்தில், இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கப்பட்டுள்ளன. கணினி வந்த பிறகும் அவர் பதிவேட்டை விடவில்லை. கடைசிக் கட்டத்தில் மாதக்கணக்கில் தொடர்ந்து பூஜ்யம்தான். அந்தப் பூஜ்யங்களைப் புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்குத் திருப்பித் திருப்பிக் காட்டுவார்.

மேசையில் படுப்பவரின் இடுப்பெலும்பு முனையை இரண்டு விரல்களால் தொட்டுப் பார்ப்பார். பாதங்களை உள்நோக்கித் திருப்பி, அவை அசையாதபடி இருபுறமும் மணல் மூட்டைகளை முட்டுக் கொடுப்பார். மார்புப் படம் என்றால், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து, "மூச்ச நல்லா இழுங்க, பிடிங்க, விடாதீங்க" என்பார். கேன்டீனில் அவருடைய குரலைக் கேட்டாலே பாதிப் பேர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று செவிலியர்கள் கேலி செய்வதுண்டு. அவரும் சிரித்துவிட்டு, "விடுங்க" என்பார்.

அவருக்கு ஒரு விதி இருந்தது. மருத்துவர் கொடுத்தனுப்பும் சீட்டில் எழுதியிருக்கும் கோணத்தை மட்டுமே எடுப்பார். விதிக்கு ஒரு வரலாறும் இருந்தது. பணியில் சேர்ந்த நான்காம் ஆண்டில், படியில் சறுக்கி விழுந்த ஒரு பெண்மணியின் மணிக்கட்டைச் சீட்டில் கேட்டிருந்த இரண்டு கோணங்களில் எடுத்தார். சந்தேகம் தீராமல், சற்றுச் சாய்த்து மூன்றாவதாக ஒன்றும் எடுத்தார். மூன்றாவதில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது. ஓட்டமும் நடையுமாக மாடிக்குப் போய், அப்போதிருந்த எலும்பு மருத்துவரிடம் அதை நீட்டினார். மருத்துவர் படத்தைப் பார்க்கும் முன் அவரைப் பார்த்தார்.

"யாரும்மா மூணாவது கேட்டது?"

"யாரும் கேக்கல சார். எனக்குச் சந்தேகமா இருந்துச்சு."

"சந்தேகப்படறதுக்கு நான் இருக்கேன். பட்டன அமுக்கறதுக்கு நீங்க இருக்கீங்க. அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாப்போமா?"

பெண்மணியின் கைக்குக் கட்டுப் போடப்பட்டது. படக்காரம்மாவுக்கு நான்கு வரியில் ஒரு குறிப்பாணை வந்தது. தொழில்நுட்பப் பணியாளர் தம் எல்லைக்குள் நின்று செயல்பட வேண்டும் என்பது அதன் மூன்றாம் வரி. அவர் அதைக் கிழித்தெறியவில்லை. பிளாஸ்டிக் உறையில் போட்டு முதல் பதிவேட்டின் அட்டைக்குள் செருகிவைத்தார். அந்த மருத்துவர் சில ஆண்டுகளில் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார். குறிப்பாணை போகவில்லை.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் நின்று கம்பிகளையும் கப்பிகளையும் பார்ப்பவர். வீட்டுக்கு வந்தால் மட்டும் வாய் ஓயாது. ஒரே மகள். பதினோரு வயதில், பள்ளி மைதானத்தில் கிடந்த பெஞ்சுகளைச் சும்மா தாண்டித் தாண்டிப் போனவளைப் பி.டி. டீச்சர் பார்த்துத் தடை தாண்டும் ஓட்டத்தில் சேர்த்தார். மெலிந்த உடம்பு, நீண்ட கால்கள், முட்டி முகவாயைத் தொடும் அளவுக்கு மேலே வரும். பள்ளிக்கூடமே அவளை வெட்டுக்கிளி என்று கூப்பிட்டது. அரசு விளையாட்டுக் கல்லூரியின் விடுதியில் இடம் பிடிப்பது ஒன்றே அவளுடைய எண்ணம். பதினாறு வயதிலும் பதினேழு வயதிலும் அதற்குத் தேர்வு ஓட்டம் உண்டு. அந்த இரண்டு வாய்ப்பையும் விட்டால் பிறகு இல்லை. கட்டிலுக்கு மேலே சுவரில் தேர்வுக்கான நேரத்தைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி, கீழே தன்னுடைய நேரத்தை வாரந்தோறும் பென்சிலால் அழித்து அழித்து எழுதினாள். பதிவு வைக்கும் குணம் தாயிடமிருந்து வந்திருக்க வேண்டும்.

பதினான்கு வயதில் வலி தொடங்கியது. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் ஒரு விரலால் காட்ட மாட்டாள். பெருவிரல் பின்னாலும் மற்ற விரல்கள் முன்னாலுமாக இடுப்பின் பக்கத்தைக் கவ்விப் பிடித்து, "இங்க. உள்ள" என்பாள். புறநோயாளிப் பிரிவின் பொது மருத்துவர் தசைப்பிடிப்பாக இருக்கும் என்றார். எதற்கும் ஒரு படம் எடுத்துவிடலாம் என்று சீட்டும் எழுதினார்: இடுப்பு, முன்பக்கம், ஒன்று.

மகளை மேசையில் படுக்க வைத்துப் பாதங்களைத் திருப்பியது தாய்தான். இளைய டெக்னீஷியனும் அறையில் இருந்தாள். படிப்பு முடித்து ஒரு வருடம் ஆன பெண்; படித்ததெல்லாம் இன்னும் மறக்கவில்லை.

"அக்கா, முட்டிய மடிச்சு, காலைக் கொஞ்சம் அகட்டி வச்சு இன்னொண்ணு எடுத்துப் பாக்கலாமே. நாப்பத்தஞ்சு டிகிரில. தொடை எலும்போட கழுத்து அதுலதான் நல்லாத் தெரியும்."

"சீட்டுல இருக்கா?"

"இல்ல. நம்ம பாப்பாதானேன்னு சொன்னேன்."

"நம்ம பாப்பாங்கறதாலதான் வேணாங்கறேன். பொம்பளப் பிள்ளை. அந்த இடத்துல தேவையில்லாம இன்னொரு தடவை கதிர் பாயணுமா?"

"நீங்க சொன்னா சரிக்கா."

இரண்டு காரணங்களும் உண்மை. எது முதலில் மனதில் வந்தது என்று பிற்பாடு தன்னையே பலமுறை கேட்டுக்கொண்டபோதும் படக்காரம்மாவால் சொல்ல முடியவில்லை. படம் மிகச் சுத்தமாக வந்தது. இடமும் வலமும் ஒரே அளவு, அசைவு இல்லை, எலும்பின் ஓரங்கள் பென்சிலால் வரைந்தது போல. குறைபாடு ஏதும் இல்லை என்று அறிக்கை வந்தது. பதிவேட்டில் அன்றைய இருபத்தேழாம் வரிசை அது: வயது பதினான்கு, இடுப்பு, முன்பக்கம், ஒன்று, வீண் பூஜ்யம்.

அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் அந்த வீட்டில் ஒரே வாக்கியம் ஆட்சி செய்தது. தரையில் சம்மணமிட்டு உட்கார முடியவில்லை என்றாலும், குனிந்து ஷூ கட்டும்போது சுருக்கென்கிறது என்றாலும், ஆட்டோவிலிருந்து இறங்கக் காலை எடுத்து வைக்க முடியவில்லை என்றாலும், தாயின் பதில் தயாராக இருந்தது. "படத்துல ஒண்ணும் இல்ல. நானே எடுத்தேன், நானே பாத்தேன்." மைதானத்தில் பி.டி. டீச்சரும் அதையே கேட்டுத் தைரியம் கொண்டார். "எலும்புல ஒண்ணுமில்லன்னா தசைதான்டி இறுகியிருக்கு. ஸ்ட்ரெட்ச் பத்தல" என்று அவளைப் படுக்க வைத்து, முட்டியை மார்போடு சேர்த்து வைத்து அழுத்துவார். இருப்பதிலேயே கெடுதலான அசைவு அதுதான் என்று அப்போது அவர்கள் யாருக்கும் தெரியாது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணுவாள்.

கணவர் ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார்.

"ஏம்மா, லிஃப்ட்ல கொரகொரன்னு சத்தம் வந்தா நாங்க நிறுத்திட்டுப் பிரிச்சுப் பாப்போம். உங்க ஆஸ்பத்திரில, சத்தமே இல்லன்னு எழுதிக் கொடுத்து அனுப்பிடுவீங்களா?"

"லிஃப்டும் பிள்ளையும் ஒண்ணா?"

"ஒண்ணு இல்லதான். லிஃப்டுக்கு வாய் கிடையாது. இவ வாய் விட்டுச் சொல்லிக்கிட்டே இருக்கா."

"எலும்புல இருந்தா எனக்குத் தெரியாமப் போகுமா? வருஷத்துக்கு எத்தனை இடுப்பு பாக்கறேன்."

"அதான் நம்ம பிள்ளையோட இடுப்புகூட உன் கண்ணுக்கு நம்பரா தெரியுது."

சிரிப்போடுதான் முடிந்தது அந்தப் பேச்சு. அடுத்த வாரத்திலிருந்து மகள் வலியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஷூ கட்ட, காலைப் பெஞ்சின்மேல் பின்பக்கமாக மடக்கி வைக்கும் ஒரு வழியைக் கண்டுபிடித்தாள். நாற்காலியின் நுனியில் உட்காரப் பழகினாள். சுவரில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. வலி போய்விட்டது என்று தாய் நினைத்துக்கொண்டார்.

முதல் தேர்வு ஓட்டத்துக்கு ஐந்து மாதம் இருந்தபோது, பயிற்சியில் ஐந்தாவது தடையைத் தாண்டி இறங்கியவளின் கால் நின்ற இடத்திலேயே பூட்டிக்கொண்டது. பி.டி. டீச்சர் அவளைத் தோளில் தாங்கி மருத்துவமனைக்கு அழைத்து வந்தார். அப்போது இடுப்பு மூட்டுக்கென்றே ஒரு பெண் மருத்துவர் செவ்வாயும் வெள்ளியும் வரத் தொடங்கியிருந்தார். செய்தி கேட்டு, வேலையை அப்படியே போட்டுவிட்டுப் படக்காரம்மாவும் ஓடி வந்து அறை வாசலில் நின்றார். மருத்துவர் பெண்ணின் முட்டியை மடித்து, மார்பை நோக்கித் தள்ளி, மெல்ல உள்பக்கம் திருப்பினார். அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்தன.

"எவ்வளவு நாளா இருக்கு?"

"ரெண்டு வருஷம்."

"யாருகிட்டயும் சொல்லலயா பாப்பா?"

"சொன்னேன். படத்துல ஒண்ணும் இல்லன்னாங்க."

"யாரு, டாக்டரா?"

அவள் சுவரைப் பார்த்தாள். "படம் எடுத்தவங்க."

மருத்துவர் எழுதிய புதிய சீட்டில் முன்பக்கத்தோடு, இரண்டு கால்களையும் ஒவ்வொன்றாக நாற்பத்தைந்து டிகிரி மடித்து, அகட்டி எடுக்கும்படி இருந்தது. தாயே எடுத்தார். கோணத்தைச் சரிபார்க்க அளவுகோல் தேவைப்படவில்லை. கை அதை மறந்திருக்கவில்லை. திரையில் படம் வந்தது. தொடை எலும்பின் தலை ஒரு பந்து. அதற்குக் கீழே எலும்பு உள்வாங்கிக் கழுத்தாகக் குறுக வேண்டும். மகளின் படத்தில் குறுக வேண்டிய இடத்தில் ஒரு மேடு, தோளைத் தூக்கிக்கொண்டு நின்றது. படிப்பு முடித்து முதல் வாரத்தில் வேலைக்கு வந்தவருக்கும் தெரியும் மேடு. இளைய டெக்னீஷியன் பின்னால் நின்று பார்த்துவிட்டு வெளியே போய் வரிசையில் அடுத்த ஆளைக் காத்திருக்கச் சொன்னாள்.

ஸ்கேனும் எடுத்துப் பார்த்த பிறகு மருத்துவர் ஒரு கையைக் குழித்து, இன்னொரு கையின் முஷ்டியை அதற்குள் வைத்து விளக்கினார். "இந்தக் கிண்ணத்துக்குள்ள பந்து வழுக்கிக்கிட்டுச் சுத்தணும். இங்க பந்து முழு உருண்டையா இல்ல. காலைத் தூக்கும்போதெல்லாம் மேடு போய் விளிம்புல இடிக்குது. வளர்ற வயசுல ரொம்ப ஓடிக் குதிக்கற பிள்ளைங்களுக்கு இப்படி ஆகறது உண்டு. விளிம்பச் சுத்தி ரப்பர் வளையம் மாதிரி ஒண்ணு இருக்கு, அது கிழிஞ்சிருக்கு. ஸ்கேன்ல தெரியுது." பெரிதாக வெட்டத் தேவையில்லை என்றார். மூன்று சிறிய துளைகள். காலைப் பிடித்து இழுத்து மூட்டில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி உண்டாக்கி, ஒரு துளை வழியாகக் கேமரா, மற்றவற்றின் வழியாகக் கருவிகள். மேட்டைச் சீவிவிட்டு வளையத்தைத் தைக்க வேண்டும்.

மகள் கேட்டது ஒரே கேள்வி. "தேர்வுல ஓட முடியுமா?"

"இந்த வருஷம் முடியாது. அடுத்த வருஷத்துக்கு, உள்ள பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்."

அறுவை அரங்கில் எக்ஸ்ரே கருவியை நகர்த்தி, கருவிகள் போகும் பாதையைத் திரையில் காட்டிக்கொண்டே இருக்க ஒரு ஆள் வேண்டும். இத்தனை ஆண்டுகளில் அந்த வேலையைப் பெரும்பாலும் படக்காரம்மாவே செய்திருந்தார். அன்று ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு அரங்கின் வாசல் வரை போனவரை மருத்துவர் நிறுத்தினார். "இன்னைக்கு நீங்க அம்மா. வெளிய உக்காருங்க." இளைய டெக்னீஷியன் உள்ளே போனாள். வெளியே உட்கார்ந்து எப்படிக் காத்திருப்பது என்று படக்காரம்மாவுக்குத் தெரியவில்லை. கவசத்தைக்கூடக் கழற்றாமல் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கணவர் பக்கத்தில் இருந்தார்.

வெளியே வந்த மருத்துவர் முகக்கவசத்தைக் கீழே இறக்கினார். "மேட்டை எடுத்தாச்சு. வளையத்த ரெண்டு இடத்துல தைச்சாச்சு. வலி நல்லாக் குறையும். ஆனா கிண்ணத்துக்குள்ள குருத்தெலும்பு ஒரு இடத்துல, கட்டைவிரல் நகம் அளவுக்கு, உரிஞ்சு போயிருக்கு. அத முழுசா சரி பண்ண முடியாது."

படக்காரம்மா கேட்டார். "ரெண்டு வருஷம் முன்னால தெரிஞ்சிருந்தா?"

"ஓட்டத்த நிறுத்தி வச்சிருக்கலாம். இவ்வளவு உரிஞ்சிருக்காது. அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா வாய்ப்பு நிறைய இருந்திருக்கும். பழைய படம் இருக்கா?"

"முன்பக்கம் மட்டும்."

"அதுல தெரியாது. மத்தது ஏன் எடுக்கல?"

"சீட்டுல இல்ல மேடம்."

"அப்ப அது எழுதினவரோட தப்பு. நீங்க மனசப் போட்டு உழப்பிக்காதீங்க."

எந்த விசாரணை வைத்தாலும் தீர்ப்பு அப்படித்தான் வந்திருக்கும். சீட்டு, பதிவேடு, அறிக்கை, எல்லாம் ஒன்றுக்கொன்று சரியாக ஒத்துப்போயின. இளைய டெக்னீஷியன் சொன்னதற்குப் பதிவு இல்லை. அதை மருத்துவரிடம் சொல்லப் படக்காரம்மா வாய் திறந்தார். மருத்துவர் அதற்குள் அடுத்த அறுவைக்குக் கை கழுவப் போய்விட்டார். கணவரிடமும் சொல்லவில்லை.

மகள் மூன்று வாரம் ஊன்றுகோலில் நடந்தாள். பிறகு அசையாத மிதிவண்டி, பிறகு தண்ணீருக்குள் நடை. நான்காம் மாதம் மெல்ல ஓடினாள்; வலிக்கவில்லை. ஷூ கட்டக் குனிந்தாள், வலிக்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. பி.டி. டீச்சர் பார்க்க வந்து, "வெட்டுக்கிளிக்குச் சர்வீஸ் பண்ணியாச்சு போல" என்றார். எட்டாம் மாதம் இருப்பதிலேயே தாழ்வான தடையை வைத்துப் பார்த்தார்கள். மூன்று முறை தாண்டினாள். அன்று மாலை மூட்டு மீண்டும் அதே இடத்தில் வலித்தது. இந்த முறையும் அவள் அதை மறைக்க நினைத்தாள். பி.டி. டீச்சர் மருத்துவருக்குச் சொல்லிவிட்டார்.

இரண்டாம் தேர்வு ஓட்டத்துக்கு உடல்தகுதிச் சான்று வேண்டும். மருத்துவர் தர மறுத்தார். "நான் எழுதிக் கொடுத்தா நீ ஓடிடுவ, எனக்குத் தெரியும். முப்பது வயசுல மூட்ட மாத்தணும்னு என்கிட்டயே வந்து நிப்ப. நீந்து, சைக்கிள் ஓட்டு, நட. தடை தாண்டாத."

அன்று எக்ஸ்ரே அறைக்கு அவள் நேராக வந்தாள். மதிய இடைவேளை, மேசையில் யாரும் இல்லை.

"நீ சொல்லு அம்மா. பொது டாக்டர் எழுதுவாரு. உன்னை இங்க எல்லாருக்கும் தெரியும்."

"மேடம் வேணாம்னு சொன்னப்புறம் நான் எப்படிடி கேக்கறது?"

"ஒரு தடவையாவது யாரையும் கேக்காம ஒண்ணு செய்யேன்."

"உன் நல்லதுக்குத்தான்."

"அன்னைக்கும் அதத்தான் சொன்ன. நான் இந்த மேசைமேலதான் படுத்திருந்தேன். அந்த அக்கா சொன்னத நானும் கேட்டேன். எனக்குப் பதினாலு வயசு, காது நல்லாத்தான் இருந்துச்சு."

படக்காரம்மா மேசை விரிப்பைச் சரி செய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

"அப்பவே ஏன் கேக்கல நீ?"

"நீ சொன்னா சரியா இருக்கும்னு நினைச்சேன். ரெண்டு வருஷம் நினைச்சேன். வலிக்குதுன்னா நான்தான் பொய் சொல்றேன் போலன்னு நினைச்சேன்." அவள் குரல் உயரவில்லை. "இன்னொரு தடவை எடுத்திருந்தா தெரிஞ்சிருக்குமா? அத மட்டும் சொல்லு."

படங்களைப் பற்றி அவர் பத்தொன்பது ஆண்டுகளில் யாரிடமும் பொய் சொன்னதில்லை.

"தெரிஞ்சிருக்கும்."

மகள் தலையசைத்துவிட்டுப் போனாள். தேர்வு ஓட்டத்தன்று வீட்டில்தான் இருந்தாள். சுவரிலிருந்த தாள்கள் முன்னதாகவே இல்லை. பசை ஒட்டிய இடத்தில் சுண்ணாம்பு உரிந்திருந்தது. தாயோடு சண்டை எதுவும் போடவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், கொடுத்ததைச் சாப்பிட்டாள், தலைவலி காய்ச்சல் என்றால் அப்பாவிடம் மட்டும் சொன்னாள்.

அறுவை முடிந்து ஒன்றரை வருடம் ஆனதும் கடைசிப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். முன்வாசல் மேசையில் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். இப்படி அறுவை செய்துகொண்ட ஒவ்வொரு பிள்ளையிடமும் வாங்கி, சிகிச்சை எப்படி வேலை செய்கிறது என்று கணக்கெடுக்கிறார்கள். படி ஏறுதல்: சிரமம் இல்லை. ஷூ அணிதல்: சிரமம் இல்லை. நீண்ட நேரம் உட்கார்தல்: சிரமம் இல்லை. உறக்கத்தில் வலி: இல்லை. அவள் ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரி சிறிய குறி போட்டுக்கொண்டே வந்தாள். சிகிச்சைக்கு முன் ஆடிய விளையாட்டை இப்போது ஆடுகிறீர்களா என்ற கேள்வி இரண்டாம் பக்கத்தின் கடைசியில் இருந்தது. முழுமையாக, ஓரளவு, இல்லை என்று மூன்று கட்டங்கள். மூன்றாவதில் குறி போட்டாள். காரணம் எழுத இடம் விட்டிருந்தார்கள். அதைக் காலியாக விட்டாள்.

மேசையிலிருந்த எழுத்தர் மதிப்பெண்களைக் கூட்டினார். "எண்பத்தெட்டு. எண்பதுக்கு மேல போனாலே 'நன்று'தான். ரொம்ப நல்லா வந்திருக்கும்மா உங்க பொண்ணுக்கு" என்று படக்காரம்மாவிடம் சொல்லி, வெற்றி என்று தலைப்பிட்ட கோப்பில் தாளைச் செருகினார்.

தாயும் மகளும் வராந்தாவில் சிறிது தூரம் ஒன்றாக நடந்தார்கள்.

"பி.டி. டீச்சர் ஃபோன் பண்ணாங்க" என்றார் படக்காரம்மா. "சின்னப் பிள்ளைங்களுக்கு நேரம் எடுக்க ஆள் வேணுமாம். உன்னைக் கேட்டாங்க."

"வரலன்னு சொல்லிடு."

"நீயே சொல்லேன்."

"எவளோ தாண்டறத நான் எதுக்குப் பாத்துக்கிட்டு நிக்கணும்?" என்றவள் வாயிலைப் பார்த்தாள். "அப்பா வண்டியோட நிக்கறாரு. நான் போறேன்."

படிகளில் இறங்கிப் போனாள். இடது கால், வலது கால் என்று எந்த வேறுபாடும் தெரியவில்லை, நல்ல நடை. எக்ஸ்ரே அறை வாசலில் ஆறு பேர் சீட்டோடு நின்றிருந்தார்கள். இளைய டெக்னீஷியன் கதவைத் திறந்து, "அக்கா, வர்றீங்களா, நான் பாக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"நீயே பாரு" என்றார் படக்காரம்மா. வெளியே வண்டி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. அவர் வரிசையின் கடைசியில் கிடந்த பெஞ்சில், நோயாளிகளோடு உட்கார்ந்துகொண்டார்.